மாவுப் பைக்கு ஊற்றிய காபி

பைத்தியமாம்! யார் சொன்னது? ஒரு மாவுப் பையைக் கணப்படுப்பின் வலது பக்கம் உட்கார வைத்தாள், அதன் எதிரே காபிக் கோப்பையை வைத்தாள், சோள ரொட்டியைப் பிட்டு வைத்தாள், ஆகவே திராந்தெக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம். பக்கத்து வீட்டு விக்தோரா சொல்கிறாள், தபால்காரர் சொல்கிறார், அந்த வருஷம் பிறந்தே இராத பிள்ளைகள்கூடச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இன்னொரு கதையும் உண்டு. அவள் கோர்ட்டைக் கொள்ளையடித்தாளாம். கொள்ளையடிக்கப் போனவள் நாற்காலியை விட்டுவிட்டு, இரும்பு அடுப்பை விட்டுவிட்டு, கதவையும் ஜன்னலையும் விட்டுவிட்டுப் பழைய காகிதத்தைச் சுமந்துகொண்டு வருவாளா? கொள்ளைக்காரி என்றால் அவ்வளவு மக்குக் கொள்ளைக்காரி உலகத்தில் உண்டா?

விக்தோரா கோர்ட்டிலிருந்து தூக்கிவந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொல்கிறாள். அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் மலையூர் குர்மிராவில் திராந்தெயைத் தெரியாதவர்கள் கிடையாது. புருஷன் குரோம் சுரங்கத்தில் செத்துப்போனவன். பிள்ளைகள் இல்லை. கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷம் துப்புரவு வேலை. காலையில் அடுப்பு மூட்டுவாள், தாழ்வாரத்தைத் துடைப்பாள், நீதிபதி முஃப்தாரிக்குக் காபி போடுவாள். விசாரணை நடக்கும்போது கடைசி பெஞ்சுக்குப் பின்னால் வாளியோடு நிற்பாள். அவள் நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. அவள் எல்லாவற்றையும் கவனிப்பாள். யார் வாய்தா வாங்கினார்கள், யார் அழுதார்கள், யாருடைய சாட்சி பொய் என்று நீதிபதிக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தெரியாது. எழுத்து.

மேல்மலையில் ஆடுகளோடு வளர்ந்தவள். பள்ளிக்கூடம் வந்தபோது அவளுக்குக் கல்யாணம் வந்துவிட்டது. கோர்ட்டு வேலைக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று விதி. தெரியும் என்று சொல்லிச் சேர்ந்தாள். அந்தப் பொய்யை இருபத்திரண்டு வருஷம் சுமந்தாள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து என்று ஒரு கோலத்தை வரைவாள், தினமும் ஒரே கோலம். ஏதாவது படிக்கச் சொன்னால் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொல்வாள். கேஸ் கட்டுகளை நூலின் நிறத்தாலும் கறையாலும் அடையாளம் வைத்திருந்தாள். நீதிபதி "அந்த மேய்ச்சல் நிலத்துக் கட்டைக் கொண்டு வா" என்றால் பச்சை நூல், எலி கடித்த மூலை. ஒருநாளும் தவறாகக் கொண்டுபோனதில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது என்பது தெரியாமலே புருஷன்கூடப் போய்ச் சேர்ந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றேழு மார்ச்சில் சீட்டுக் கம்பெனிகள் கவிழ்ந்து நாடே பற்றி எரிந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். போலீஸ்காரர்கள் தொப்பியைச் சாக்கடையில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஆயுதக் கிடங்கைத் திறந்தார்கள், சிறையைத் திறந்தார்கள். ஒரு காலைப்பொழுதில் ஊர் கோர்ட்டுக்கு வந்தது. கூட்டம் என்றால் கூட்டம். கல்யாண வீட்டுக்குப் போவது போலக் குடும்பத்தோடு வந்தார்கள். ஒருவன் கதவைக் கீலோடு பெயர்த்தான். ஒருவன் கக்கூஸ் பீங்கானைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். மேல்மாடியில் யாரோ நெருப்பு வைத்துவிட்டார்கள்.

திராந்தெ வாளியோடு தாழ்வாரத்தில் நின்றாள். நீதிபதி முந்தின நாளே காரில் ஏறிப் போய்விட்டார். போகும்போது அவர் அறையின் இடது அலமாரியைக் காட்டி, "இதெல்லாம் முடியாத கேஸ், திராந்தெ. இதுல ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஆள் காத்துக்கிட்டு இருக்கு" என்று சொன்னார். எடுத்து வை என்று சொல்லவில்லை.

அவள் அடுக்களையில் இருந்த மாவுப் பையை உதறினாள். இடது அலமாரியில் பதினோரு கட்டுகள். புகையில் கண் எரிய எரிய உள்ளே திணித்தாள். படியில் இறங்கும்போது விக்தோரா அந்த நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு கூடவே இறங்கினாள்.

"ஏய் திராந்தெ! அதுல என்னடி, மாவா?"

"காகிதம்."

"காகிதமா? எல்லாரும் அடுப்பைத் தூக்கிட்டுப் போறாங்க, இவ அடுப்பெரிக்கக் காகிதம் தூக்குறா! போடி போக்கத்தவளே, மேசை ஒண்ணு இருக்கு, ஒரு பக்கம் பிடி!"

"உன் நாற்காலிக்குக் கால் ஆடுது பாரு" என்று சொல்லிவிட்டுத் திராந்தெ போய்விட்டாள்.

பதினோரு கட்டுகளில் ஒன்றுக்குச் சிவப்பு நூல். மேலட்டையில் நீதிபதியின் கோப்பை வைத்த வட்டக் கறை. அது ஜெட்டோ செத்த கேஸ்.

போன இலையுதிர் காலத்தில் வாய்க்கால் மேட்டில் ஜெட்டோ சுடப்பட்டுக் கிடந்தான். முந்தின நாள் தண்ணீர் முறைக்காக அவனுக்கும் பாஷ்க்குக்கும் கைகலப்பு. பாஷ்க்கைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். நான் சுடவில்லை என்று கடைசிவரை சொன்னான். மேல் தோட்டத்திலிருந்து யாரோ பார்த்ததாகவும், பார்த்த ஆள் நீதிபதியிடம் மட்டும் சொன்னதாகவும் ஊரில் பேச்சு. விசாரணைக்கு நாள் குறித்திருந்தது. அந்த நாள் வருவதற்குள் கோர்ட்டே போய்விட்டது. சிறை திறந்ததும் பாஷ்க் வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

ஜெட்டோவின் அண்ணன் பிரெங் துப்பாக்கியைத் துடைத்து வைத்துக்கொண்டான். கோர்ட்டு இல்லாவிட்டால் மலை வழக்கம் இருக்கிறது. ரத்தத்துக்கு ரத்தம். பாஷ்க் கிடைக்காவிட்டால் அவன் அண்ணன். வீட்டுக்குள் இருக்கும்வரை தொட முடியாது, வாசலைத் தாண்டினால் தோட்டா. பாஷ்க்கின் அம்மா தியெலாவின் இரண்டு மகன்களும் பலகை அடித்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

கட்டு திராந்தெ வீட்டில் இருப்பது ஊருக்குத் தெரிந்ததும் முதலில் வந்தவள் தியெலாதான். பெண்களைச் சுடுவதில்லை என்பதால் தெருவில் நடக்க முடிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்தி. வந்ததும் திராந்தெயின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அந்தக் கட்டுல டாக்டர் எழுதின தாள் ஒண்ணு இருக்கு. குண்டு மேல இருந்து வந்ததுன்னு எழுதியிருக்காராம். என் புள்ள கீழ வாய்க்கால்ல நின்னான். அந்த ஒரு தாளைக் குடுங்க. பிரெங் மூஞ்சில கொண்டுபோய் காட்டறேன்."

"எழுந்திரு, தியெலா. தரை சில்லுனு இருக்கு."

"தாளைக் குடுங்க, எழுந்திருக்கறேன்."

"நான் அதை உருவிக் குடுத்தேன்னு வை. பிரெங் என்ன சொல்வான்? நீயே எழுதிக்கிட்டு வந்தேன்னு சொல்வான். முடிச்சு அவிழ்க்காத கட்டுல இருக்கறவரைக்கும்தான் அது டாக்டர் தாள். உன் கையில வந்துட்டா அது அம்மாக்காரி தாள்."

"அப்ப என் புள்ளைங்க?"

தியெலா எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "உங்களுக்குப் புள்ளை இருந்தா இப்படிப் பேச மாட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தை அன்று முழுவதும் வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

இரண்டு நாள் கழித்து பிரெங் வந்தான். வேலிக் கதவுக்கு வெளியே நின்றான். பின்னால் அவன் சித்தப்பா மகன், புதுத் துப்பாக்கி, மீசை இன்னும் சரியாக முளைக்காத திமிர்.

"அக்கா," என்றான் பிரெங், "அந்தக் கட்டுல பேருங்க இருக்கு. பாத்தவன் பேரும் சுட்டவன் பேரும். பாஷ்க்தான்னா இன்னைக்கே முடிச்சுடறேன். வேற எவனாவதுன்னா தியெலா வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். சொல்லுங்க."

"கட்டு நீதிபதிக்கு உள்ளது."

"நீதிபதி எங்க? ஓடிப்போயிட்டான்."

"வருவார்."

"எப்ப?"

சித்தப்பா மகன் துப்பாக்கியை மாற்றிப் பிடித்து, "என்னண்ணா, ஒரு கிழவிகிட்ட வாய்தா வாங்கிக்கிட்டு நிக்கறே! உள்ள போய் எடு" என்றான்.

"வாயை மூடுடா" என்றான் பிரெங். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. "அக்கா, நான் கெட்டவன் இல்ல. எனக்கு இந்த ஊர்ல காபி எப்படி வருதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். தம்பி ரத்தம் காயாமல் இருக்க, பழி வாங்காமல் சுற்றுகிறவனுக்குக் காபிக் கடையில் கோப்பையை நேராக நீட்ட மாட்டார்கள். முழங்காலைத் தூக்கி, அதன் கீழே கையை விட்டு நீட்டுவார்கள். நீ ஆம்பளை இல்லை என்று அர்த்தம். அக்டோபரிலிருந்து பிரெங்குக்குக் காபி அப்படித்தான் வந்தது. அவன் அதைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போவான்.

"நாளைக்குக் காலையில வருவேன்," என்றான். "வேலிக்கு வெளிய நிக்க மாட்டேன்."

திராந்தெ கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். காரியம் இதுதான். பை அவன் கைக்குப் போனால், அவனுக்குப் பிடித்த மாதிரி அவன் படிப்பான். அல்லது அந்தச் சித்தப்பா மகன் படித்துச் சொல்வான். பிறகு பாஷ்க்கோ அவன் அண்ணனோ மேல் தோட்டத்துச் சாட்சியோ, யாராவது ஒருவர் ஒரு வாரத்துக்குள் மண்ணுக்குள். அதற்கு அடுத்தது பிரெங். அதற்கு அடுத்தது இன்னொருவன். எரித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். எரித்தால் பாஷ்க் சாகும்வரை கொலைகாரன், குற்றவாளி என்று யாரும் தீர்ப்பு சொல்லாத கொலைகாரன்.

காலையில் அடுப்பை மூட்டினாள். தண்ணீர் கொதித்தது. காபிப் பாத்திரத்தை எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு மூலையில் கிடந்த மாவுப் பையைத் தூக்கி, கணப்படுப்பின் வலது பக்கம், விருந்தாளிக்கென்று ஆட்டுத்தோல் விரித்திருக்கும் இடத்தில் வைத்தாள். சாய்ந்து விழாமல் தலையணை கொடுத்தாள். அதன் எதிரே ஒரு கோப்பை காபியும் ரொட்டியும் உப்பும் வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று ரக்கிச் சாராயமும் ஒரு விரற்கடை ஊற்றினாள்.

வாசலில் குரல் கேட்டது. பிரெங் தனியாக வந்திருந்தான். நல்ல வளர்ப்பு, உள்ளே பாயவில்லை. வழக்கப்படி கேட்டான்.

"வீட்டுல யாரு? விருந்தாளிக்கு இடம் இருக்கா?"

"ரொட்டி இருக்கு, உப்பு இருக்கு, மனசு இருக்கு. வா."

அவன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி அவளிடம் கொடுத்தான். விருந்தாளி ஆயுதத்தை வீட்டுக்காரியிடம் ஒப்படைப்பதுதான் முறை. அவள் அதைச் சுவர் ஆணியில் மாட்டினாள். அவன் கணப்படுப்புப் பக்கம் திரும்பினான். தன் இடத்தில் மாவுப் பை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

"இது என்ன கூத்து?"

"உனக்கு முன்னால வந்த விருந்தாளி. நீ இடது பக்கம் உக்காரு."

பிரெங் சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு வந்து ஆறு மாதம் இருக்கும். "அக்கா, அது கோணிப்பை."

"நெருப்புல இருந்து தப்பிச்சு என் வாசல்ல வந்து நின்னுச்சு. நான் உள்ள விட்டேன். என் ரொட்டி அது முன்னால இருக்கு. ஆள் யாருன்னு கேக்காம, என்ன செஞ்சான்னு கேக்காம உள்ள விடறதுதானே முறை? உங்க அப்பா வீட்டுல ஒருத்தன் வந்து ஒளிஞ்சப்ப, அவன் யாருன்னு உங்கப்பா கேட்டாரா?"

பிரெங்கின் சிரிப்பு நின்றது. அந்தக் கதை அவனுக்குத் தெரியும். அவன் அப்பா உள்ளே விட்ட ஆள் அவர்கள் வீட்டு எதிரி. மூன்று நாள் சோறு போட்டு, எல்லைவரை கூடப் போய் அனுப்பிவைத்தவர்.

"அது மனுஷன்," என்றான்.

"இதுக்குள்ளயும் மனுஷங்கதான் இருக்காங்க. உன் தம்பி இருக்கான். தியெலா மகன் இருக்கான். மேல் தோட்டத்துல நின்னு பாத்தவனும் இருக்கான். இதுல கை வெச்சா என் விருந்தாளி மேல கை வெச்சதா அர்த்தம். எனக்காகப் பழி வாங்க ஆம்பளை கிடையாது, அது உனக்கும் தெரியும். அதனால எடுத்துட்டுப் போ, தடுக்க மாட்டேன். ஆனா இந்த மலையில இனிமே எந்த வீட்டுல போய் 'விருந்தாளிக்கு இடம் இருக்கா'ன்னு கேப்பே?"

அவள் இரண்டாவது கோப்பையில் காபி ஊற்றினாள். வலது கையில் எடுத்தாள், இடது கையை நெஞ்சில் வைத்தாள், குனிந்து நேராக அவன் முன்னால் நீட்டினாள்.

பிரெங் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அடுப்பில் ஒரு கட்டை சரிந்து விழுந்தது. பிறகு வாங்கிக் குடித்தான். குடித்து முடித்தபோது அவன் கண் கலங்கியிருந்தது என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். புகை என்று வைத்துக்கொள்வோம்.

"முப்பது நாள்," என்றான். "முப்பது நாள் பெஸா தர்றேன். பைக்கும், தியெலா மகன்களுக்கும். முப்பதாம் நாள் பொழுது சாஞ்சா முடிஞ்சுது."

"நீதிபதி வர்றவரைக்கும்னு குடு."

"நீதிபதி வர்றவரைக்கும்னு எங்க வழக்கத்துல பெஸா கிடையாது, அக்கா. முப்பது நாள்."

பெஸா என்றால் குறித்த நாள்வரை தொடமாட்டேன் என்கிற சத்தியம், வெறும் வாக்கு இல்லை. கொடுத்தவன் மீறினால் சொந்த அம்மா சோறு போட மாட்டாள். தியெலாவின் மகன்கள் மறுநாள் வெயிலுக்கு வந்தார்கள். இருட்டில் முளைவிட்ட உருளைக்கிழங்கு மாதிரி வெளுத்திருந்தான் பாஷ்க். வயலுக்குப் போனான், சோளம் விதைத்தான், பிரெங்கின் வேலியைத் தாண்டும்போது குனிந்து நடந்தான். பிரெங் முதுகைக் காட்டி நின்றான்.

திராந்தெ வீட்டைவிட்டு நகரவில்லை. விருந்தாளியைத் தனியாக விட்டுப் போகக்கூடாதே. தண்ணீரும் மாவும் விக்தோராதான் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கிற சாக்கில் உள்ளே எட்டிப் பார்ப்பாள்.

"என்னடி, உன் வீட்டுக்காரரு இன்னைக்குக் காபி குடிச்சாரா? சர்க்கரை எத்தனை போடறே?"

"அவரு அதிகம் பேச மாட்டாரு. உன் புருஷனைவிட எவ்வளவோ தேவலாம்."

இப்படித்தான் கதை ஊரெல்லாம் பரவியது. விக்தோரா சிரித்ததைச் சொன்னாள், தினமும் இரண்டு குடம் தண்ணீர் சுமந்து கொடுத்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட வாத்தியார் ஒருநாள் வந்தார். நான் படித்துப் பார்த்து என்ன இருக்கிறது என்று சொல்லட்டுமா, யாருக்கும் தெரியாமல் மறுபடி கட்டிவிடலாம் என்றார். நல்ல மனுஷர்தான். அவள் ரொட்டி கொடுத்து அனுப்பிவிட்டாள். சிவப்பு நூல் முடிச்சை அவள் ஒருமுறை மட்டும் தொட்டுப் பார்த்தாள். நடுப்பகல், தெருவில் யாரும் இல்லை. விரலால் தடவினாள். தனக்கு மட்டும் எழுத்து தெரிந்திருந்தால் முதல் நாளே அவிழ்த்திருப்போம் என்று தோன்றியது. ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாக, தெரியாமல் போனதற்காகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இருபத்தாறாம் நாள் ஷ்கோத்ரா பட்டணத்திலிருந்து வந்த பஸ்காரன் செய்தி கொண்டுவந்தான். நீதிபதி வருகிறார், பள்ளிக்கூடத்தில் கோர்ட்டு கூடும், திங்கட்கிழமை காலை. திராந்தெ விரல்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு பொழுது சாயும்போது தியெலா வீட்டுக் கதவு சாத்திக்கொண்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. பலகைகளை மறுபடி ஆணி அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் திராந்தெ கண்ணை மூடித் திறந்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் பிரெங் அவள் வேலிக் கதவில் நின்றுகொண்டிருந்தான். துப்பாக்கி தோளில் இல்லை, கையில் இருந்தது. தெருவில் எல்லா ஜன்னலும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருந்தது.

அவள் முகம் கழுவி, வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு, விறகுச் சுமை கட்டுகிற கயிற்றால் பையை முதுகில் கட்டிக்கொண்டாள். கதவைத் திறந்து வாசற்படியில் நின்றாள்.

"பெஸா நேத்து முடிஞ்சிருச்சு, அக்கா."

"ஒவ்வொரு நாளா எண்ணுனவ நான். எனக்குச் சொல்லித் தராதே."

"பையை இறக்குங்க. என் தம்பி கட்டு மட்டும் போதும். மத்ததைக் கொண்டு போங்க."

"அதுல என்ன எழுதியிருக்கும்னு நினைக்கறே?"

"அதை நீங்கதான் சொல்லணும்!" பிரெங்கின் குரல் உடைந்தது. "இருபத்திரண்டு வருஷம் கோர்ட்ல இருந்தவங்க. முப்பது நாள் அது கூடவே படுத்துத் தூங்கியிருக்கீங்க. படிச்சிட்டீங்க. என் தம்பியை எவன் சுட்டான்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எனக்குக் காபி குடுத்தீங்க. யாரைக் காப்பாத்தறீங்க?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பிரெங் மட்டும் இல்லை, தியெலாவும், ஊரும், எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். திராந்தெக்குத் தெரியும், திராந்தெ ஒளிக்கிறாள். விக்தோராவின் ஜன்னல் முழுதாகத் திறந்தது. திராந்தெயின் காதுமடல் சூடேறியது. ஒரு பேரைச் சொல்லிவிட்டுக்கூடப் போகலாம். ஒரு சொல் போதும்.

"பிரெங்," என்றாள். பிறகு தெரு முழுவதும் கேட்கும்படி சொன்னாள். "எனக்குப் படிக்கத் தெரியாதுடா."

"என்ன?"

"ஒரு எழுத்து தெரியாது. என் பேரு தெரியாது. பொய் சொல்லி வேலைக்குச் சேந்தேன். கண்ணாடியை மறந்துட்டேன்னு சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிட்டேன். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, விக்தோரா, உனக்கும் கேட்டுதா? கேட்டுக்க."

ஜன்னலில் யாரும் சிரிக்கவில்லை. பிரெங் அவளையே பார்த்தான்.

"அப்ப உள்ள என்ன இருக்குன்னு தெரியாமலா இதுக்குக் காவல் இருந்தீங்க?"

"தெரிஞ்சிருந்தா காவல் இருந்திருக்க மாட்டேன். ஒரு பக்கம் சாஞ்சிருப்பேன்." அவள் சுமையைச் சரிசெய்துகொண்டாள். "எனக்குச் சட்டம் தெரியாது, பிரெங். தரை துடைக்கத் தெரியும். துடைக்கும்போது ரெண்டு பேரைப் பாத்தேன். தண்டனைன்னு சொல்லி விலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போனாங்க. அப்பீலுக்குப் போனாங்க. தப்பாயிடுச்சுன்னு மேல் கோர்ட்டு விட்டுடுச்சு. ரெண்டு பேரும் அதே தாழ்வாரத்துல நடந்து திரும்பி வந்தாங்க, என் ஈரத் தரையை மிதிச்சுக்கிட்டு. திட்டினேன். உன் துப்பாக்கி தீர்ப்பு சொல்லி, அது தப்புன்னு தெரிஞ்சு, எவனாவது திரும்பி நடந்து வந்திருக்கானா? சொல்லு, நான் அவனையும் திட்டறேன்."

"நீதிபதியும் தப்பு செய்வாரு," என்றான் பிரெங்.

"செய்வாரு. கீழ கையெழுத்துப் போடுவாரு. யார் செஞ்சதுன்னு தெரியும், யார்கிட்ட போய் சண்டை போடறதுன்னு தெரியும்." திராந்தெ பெருமூச்சு விட்டாள். முதுகு வலித்தது. "எனக்கு நேரமாகுது. இந்த விருந்தாளி கிளம்புது. வழித்துணை இல்லாம விருந்தாளியை அனுப்பினதுன்னு என் வீட்டுக்குப் பேரு கிடையாது. என் வீட்ல ஆம்பளை இல்ல. என் கையால காபி குடிச்ச ஆம்பளை நீ ஒருத்தன்தான். வா."

"நானா?"

"நீதான். பாலத்துல திருட்டுப் பசங்க நிக்கறானுங்களாம். ஒரு கிழவி என்ன செய்வேன்?"

பிரெங் அசையவில்லை. அவள் வாசற்படியைத் தாண்டினாள். முப்பத்தொரு நாளுக்கு அப்புறம் கால் மண்ணில் பட்டது, கொஞ்சம் தள்ளாடியது. வேலிக் கதவுவரை எட்டு அடி. அவன் கதவை அடைத்துக்கொண்டு நின்றான். அவள் நேராக அவனைப் பார்த்து நடந்தாள், மெதுவாக, சுமைக்காரி நடக்கிற மாதிரி. இரண்டடி இருக்கும்போது அவன் ஒதுங்கினான்.

தெருவில் நடந்தாள். பின்னால் காலடி கேட்டது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தியெலா வீட்டைத் தாண்டும்போது பலகை இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. காலடி அங்கே நின்றது. திராந்தெ நடையை நிறுத்தவில்லை. பிறகு காலடி மறுபடி தொடர்ந்தது.

பாலத்தில் மூன்று பேர், முகத்தில் கறுப்புத் துணி.

"அத்தை, மூட்டையில என்ன? இறக்கு பாப்போம்."

அவள் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து பிரெங்கின் குரல் வந்தது.

"விருந்தாளி. என்கூட வருது. வழியை விடுங்கடா."

விட்டார்கள்.

பிரெங் காவலுக்குப் போகவில்லை, கோர்ட்டில் பேரைக் கேட்டதும் சுடத்தான் போனான் என்று விக்தோரா இன்னும் சொல்கிறாள். சொல்லட்டும். பள்ளிக்கூட வாசலில் நடந்தது அவளுக்குத் தெரியாது. அங்கே பிள்ளைகள் கோட்டு மாட்டுகிற மர ஆணிகள் வரிசையாக இருந்தன. பிரெங் உள்ளே எட்டிப் பார்த்தான். பெஞ்சுகள், கரும்பலகை, தூரத்தில் நீதிபதி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். பிரெங் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான்.

"அக்கா, இங்க வீட்டுக்காரங்க யாரு?"

திராந்தெ பையின் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டினாள்.

"என்கிட்ட குடு. இங்க கூட்டிப் பெருக்கறவ நான்தான். காலைத் துடைச்சுட்டு உள்ள வா."